சிஸ்டத்துக்குள் யார் நுழையலாம்? லாகின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், பாலக்கோடு பக்கத்துக் கடைகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் சிஸ்டம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பிரிண்டர் ஓடவில்லை என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது "இன்னொண்ணு கேக்கணும்ங்க" என்று ஆரம்பித்தால் அது பெரும்பாலும் லாகின் சங்கதியாக இருக்கும். அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் நம் பக்கத்தில் நிறைய கவுண்டர்களில் இன்னும் அதுதான் ஓடுகிறது. லினக்ஸ் கேள்விகள் கடைசியில் வரும். கட்டளைகளை உச்சரிப்புக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கடையில நாங்க மூணு பேரு தான். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சா என்னங்க தப்பு?

சண்டை வராத வரைக்கும் தப்பே தெரியாது. ஒரு நாள் ஒரு பில் ஃபைல் காணாமல் போகும். மூன்று பேரும் "நான் இல்லை" என்பார்கள். சிஸ்டத்தைக் கேட்டால், மூன்று பேரும் ஒரே பெயரில் நுழைந்திருப்பதால், அதற்கும் யார் என்று தெரியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் மற்ற இருவரும் புது பாஸ்வேர்டு மனப்பாடம் செய்ய வேண்டும். அந்தச் சங்கடத்துக்காகவே பல கடைகளில் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆளுக்கு ஒரு யூசர். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் எல்லாம் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான். இதைச் செய்யாமல் நேரக் கட்டுப்பாடு, லாக், பதிவேடு என்று எதைப் போட்டாலும் பலன் இல்லை. யூசர் கூட்டுவதற்குக் காசும் கேட்பதில்லை.

அட்மின், ஸ்டாண்டர்ட்னு ரெண்டு காட்டுதே, பில் போடற பொண்ணுக்கு எதைக் கொடுக்கறது?

ஸ்டாண்டர்ட். பில் போட, எக்செல் திறக்க, பிரிண்ட் எடுக்க, இணையம் பார்க்க அது போதும். எல்லாருக்குமாகப் புது சாஃப்ட்வேர் ஏற்றுவது, இன்னொருவர் பாஸ்வேர்டை மாற்றுவது, சிஸ்டம் கடிகாரத்தை மாற்றுவது, இன்னொருவர் ஃபோல்டரைத் திறப்பது, இதெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

ஓனர்களிடம் நான் சொல்வது ஒன்று உண்டு, யாருக்கும் பிடிப்பதில்லை: தினசரி வேலைக்கு நீங்களும் ஸ்டாண்டர்டிலேயே உட்காருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஃபைலைத் திறந்தால், அதிலுள்ள வைரஸ் உங்கள் அதிகாரத்தோடுதான் ஓட ஆரம்பிக்கும். அட்மின் என்பது தனி யூசர். எதையாவது ஏற்றும்போது மட்டும் அதன் பாஸ்வேர்டை அடித்தால் போதும். ஸ்டாண்டர்டிலிருந்து வெளியே போய் வர வேண்டியதும் இல்லை, கேட்கிற பெட்டியிலேயே அடித்துவிடலாம்.

அந்த அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, வீட்டு பீரோவில் வையுங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவது வேண்டாம்.

புது யூசர் போடப் போனா ஒவ்வொரு தடவையும் இமெயில் கேக்குது. எங்க ஆளுங்களுக்கு இமெயில் ஏதுங்க?

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ். ஆட் அக்கவுண்ட் அழுத்தினால் இமெயில் கேட்கும். பெட்டிக்குக் கீழே, இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் ஒரு நீல வரி இருக்கும். அதைத் தட்டினால் அடுத்த பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் யூசர் சேர்க்கும் வரி வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். இப்படிப் போடும் யூசர் தானாகவே ஸ்டாண்டர்டாக இருக்கும்.

மூன்று பாதுகாப்புக் கேள்விகளும் கேட்கும்: எந்த ஊரில் பிறந்தீர்கள், முதலில் படித்த பள்ளி எது, மூத்த கசின் பெயர் என்ன, இந்த மாதிரி. பெருநகரத்தில் இதெல்லாம் ரகசியமாக இருக்கலாம். போச்சம்பள்ளி சந்தையில் ஒரு சுற்று வந்தால் உங்கள் பெரியப்பா மகன் பெயரை நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பதில்கள் தெரிந்த யாரும் உங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட முடியும். அதனால் உண்மையைப் போடாதீர்கள். சம்பந்தமில்லாத மூன்று சொற்களைப் போட்டு, அதே கவரில் எழுதி வையுங்கள்.

பின் (PIN) வெறும் நாலு நம்பர் தானே, பாஸ்வேர்டை விட அது சேஃப்னு எப்படி சொல்றாங்க?

பின் அந்த ஒரு சிஸ்டத்தோடு கட்டுப்பட்டது. உங்கள் மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு வெளியே போனால், சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் உங்கள் மெயிலைத் திறக்கலாம். பின் போனால், உங்கள் கவுண்டருக்கே வந்து உட்கார்ந்தால்தான் அது உதவும். தப்பாக அடித்துக்கொண்டே போனாலும் சிஸ்டம் நிறுத்திவிடும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாகவும் வைக்கலாம். நாலோடு நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

வண்டி நம்பரை வைக்காதீர்கள், வண்டி கடை வாசலில்தான் நிற்கிறது. இன்னொன்று: கல்லாவுக்கு மேலே மாட்டிய சிசிடிவி கேமரா கீபோர்டை நேராகப் பார்க்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். நான் போகிற பல கடைகளில் பார்க்கிறது, ரெக்கார்டிங்கைக் கடைப் பையன்கள் எல்லாரும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

மாங்கா சீசனுக்கு மூணு நாலு மாசம் ஆளுங்க வராங்க, அப்புறம் போயிடறாங்க. அவங்க யூசரை டெலிட் பண்ணிடலாமா?

டெலிட் வேண்டாம், டிசேபிள் செய்யுங்கள். செட்டிங்ஸ் வழியாக யூசரை அழித்தால் அவருடைய டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் சேர்ந்தே போகும். எடைச் சீட்டு, லோடு கணக்கு எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பெங்களூரா காய்க்கு யாருக்கு என்ன விலை போட்டோம் என்று ஆகஸ்டில் தேடுவீர்கள்.

கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, நெட் யூசர் என்று மட்டும் அடித்தால் எல்லாப் பெயரும் வரும். பிறகு நெட் யூசர், இடைவெளி, ஆளின் பெயர், இடைவெளி, சாய்கோடு, ஆக்டிவ், முக்காற்புள்ளி, நோ. அவ்வளவுதான், அந்த யூசரில் இனி நுழைய முடியாது. ஃபைல்கள் அப்படியே இருக்கும். அடுத்த சீசனுக்கு அதே ஆள் வந்தால் நோ இருந்த இடத்தில் எஸ். ப்ரோ எடிஷனில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்டில் லோக்கல் யூசர்ஸ் பக்கத்தில் டிக் போட்டும் செய்யலாம். ஹோம் எடிஷனில் அந்தப் பக்கம் கிடையாது, கட்டளை மட்டும்தான்.

எப்போது போவார்கள் என்று முன்பே தெரிந்தால், சேர்க்கும் அன்றே முடிவுத் தேதியும் போட்டுவிடலாம். ஆக்டிவ் இடத்தில் எக்ஸ்பயர்ஸ், முக்காற்புள்ளிக்குப் பின் தேதி. அந்தத் தேதி பிறக்கும்போதே கணக்கு காலாவதி ஆகிவிடும். ஜூலை 31 வரை வேலை என்றால் ஆகஸ்ட் 1 என்று கொடுக்க வேண்டும். நாளும் மாதமும் இடம் மாறாமல் இருக்க, மாதத்தை எண்ணாக இல்லாமல் ஆங்கிலப் பெயராகவே அடிப்பது நல்லது.

அக்கவுண்டன்ட் நின்னுட்டாருங்க. அவர் யூசரை நீங்க சொன்ன மாதிரி டிசேபிள் பண்ணிட்டேன். இனி பயமில்லையே?

பாதி வேலை முடிந்திருக்கிறது. முதலில், டிசேபிள் என்பது இனிமேல் நுழைவதைத்தான் தடுக்கும். அவர் ஏற்கெனவே நுழைந்து, ஸ்விட்ச் யூசர் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்த அமர்வு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பக்கத்துக்குப் போய், அவர் பெயரில் சைன்-ஆஃப் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்து, விண்டோஸ் லாகினைத் தொடாமலே உள்ளே வரும் வழிகள். வீட்டிலிருந்து வேலை பார்க்க எனிடெஸ்க் மாதிரி ஏதாவது போட்டு, யாரும் எதிரில் இல்லாமலே திறக்கும்படி அதற்கென்று ஒரு பாஸ்வேர்டு வைத்திருப்பார். உங்கள் யூசரின் திரை திறந்திருந்தால் அது நேராக அங்கேதான் கொண்டுவந்து விடும். அதை எடுத்துவிடுங்கள், அல்லது பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடை ஜிமெயில் அவர் போனில் இருக்கிறதா, ஜிஎஸ்டி போர்ட்டலில் யார் மொபைல் எண் போகிறது, கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலிக்குள் அவர் பெயரில் தனி யூசர் இருக்கிறதா என்று பாருங்கள். டேலியின் யூசர் வேறு, விண்டோஸின் யூசர் வேறு. ஒன்றை மூடினால் மற்றது மூடாது.

கடைசியாக, அவருக்கு அட்மின் பாஸ்வேர்டு தெரியுமா? தெரியும் என்றால் அதை மாற்றுவதோடு நிற்காமல், யூசர் பட்டியலில் நீங்கள் போடாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை ஏமாற்று நோக்கில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவின்படி குற்றம்; 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் கேஸ் போட்டு நடப்பதைவிட, ஆள் கணக்கு முடித்துப் போகிற அன்றே இதையெல்லாம் மூடிவிடுவது மலிவு.

ராத்திரி எட்டு மணிக்கு மேல யாரும் லாகின் பண்ணக் கூடாது. முடியுமா?

முடியும். சீசன் ஆட்களுக்குச் சொன்ன அதே நெட் யூசர் கட்டளைதான். ஆக்டிவ் இருந்த இடத்தில் டைம்ஸ், முக்காற்புள்ளி, கிழமைகள், காற்புள்ளி, நேரம். திங்கள் முதல் சனி, காலை 9 முதல் இரவு 8 என்று கொடுக்கலாம். முழு மணிக் கணக்கில்தான் எடுக்கும், எட்டரை என்றால் ஏற்காது. எல்லா நேரமும் விட வேண்டுமென்றால் ஆல். முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் போடாமல் விட்டால் எப்போதுமே நுழைய முடியாது என்று பொருள். அவசரத்தில் எண்டர் தட்டிவிடாதீர்கள். அட்மின் யூசருக்கு இதை எந்தக் காலத்திலும் போடாதீர்கள்.

ஏழேமுக்காலுக்கு நுழைந்தவரை எட்டு மணிக்கு இது வெளியே தள்ளாது. வாசலில்தான் கேட்கும், உள்ளே இருப்பவரைக் கேட்காது. அதற்கு, சும்மா இருந்தால் திரை தானாக லாக் ஆகும்படி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லாக் ஆன பின் திறக்க வந்தால் மறுபடி நேரம் பார்க்கும்.

நம் பக்கத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்த பழைய சிஸ்டத்தில், கரண்டு போய் வந்தால் கடிகாரம் எங்கேயோ பழைய தேதிக்கு, நள்ளிரவுக்கு ஓடிவிடும். காலை பத்து மணிக்கு உங்கள் ஆளை உள்ளே விட மாட்டேன் என்று சிஸ்டம் அடம்பிடிக்கும். நேரக் கட்டுப்பாடு போடும் முன் அந்த பேட்டரியை மாற்றிவிடுங்கள், விலை ஒரு சாப்பாட்டைவிடக் குறைவு.

அதே மாதிரி வீட்ல பையனுக்கும் போடலாமா? கேம் விளையாடியே சாவடிக்கிறான்.

போடலாம். ஆனால் பிள்ளைகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி பொருத்தம். நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று வைக்கலாம், நேரம் முடிந்தால் திரையையே மூடும். பையனுக்கென்று ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும், அதைக் குடும்பக் குழுவில் சேர்க்க வேண்டும். உங்கள் யூசரின் பின் அவனுக்குத் தெரிந்திருந்தால் எல்லாமே வீண்; பெரும்பாலும் தெரிந்திருக்கிறது.

தப்பா பாஸ்வேர்டு போட்டுப் போட்டு ஒருத்தன் கண்டுபிடிச்சிட மாட்டானா?

விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவிய சிஸ்டத்தில், 10 தடவை தவறினால் 10 நிமிடம் பூட்டிக்கொள்வது தானாகவே இருக்கிறது. பழையதில் நீங்கள் வைக்க வேண்டும்: நெட் அக்கவுண்ட்ஸ் கட்டளையில் லாக்அவுட்த்ரெஷோல்ட் என்று போட்டு எண் கொடுப்பது.

மூன்று என்று வைக்காதீர்கள். கேப்ஸ் லாக் விழுந்திருப்பதைக் கவனிக்காமல் நீங்களே மூன்று தடவை அடித்துவிடுவீர்கள். வேண்டுமென்றே தப்பாக அடித்து உங்களை வெளியே நிற்க வைக்கிற குறும்புக்காரர்களும் கடையில் இருப்பார்கள். பத்து போதும்.

நான் கோயிலுக்குப் போயிருந்தப்போ யாரு சிஸ்டத்தைத் திறந்தாங்கன்னு பாக்க முடியுமா?

விண்டோஸின் பதிவேட்டைக் காட்டும் ஈவெண்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் செக்யூரிட்டி. 4624 என்ற எண் வெற்றிகரமான நுழைவு, 4625 தோற்றுப்போன முயற்சி. திறந்தவுடன் நூற்றுக்கணக்கில் 4624 கிடப்பதைப் பார்த்துப் பயந்து போன் போடாதீர்கள். விண்டோஸின் உள்வேலைகளும் அதே எண்ணில்தான் பதிவாகும். ஒவ்வொன்றிலும் லாகான் டைப் என்று ஒரு எண் இருக்கும்: 2 என்றால் கீபோர்டில் நேராக நுழைந்தது, 7 என்றால் பூட்டிய திரையைத் திறந்தது, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். 5 என்பது பின்னணிச் சேவை, விட்டுவிடுங்கள்.

இந்தப் பதிவேட்டுக்கு இயல்பாக 20 எம்பி இடம்தான். நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும். போன வருஷம் ஆடிப் பெருக்கன்று யார் வந்தது என்று கேட்டால் கிடைக்காது. யூசர் ஒன்றே ஒன்று என்றால் என்ன ஆகும் என்பதை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு மெக்கானிக்கிட்ட கொடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல உடைச்சிட்டாரு. அப்போ பாஸ்வேர்டு எதுக்குங்க?

நல்ல கேள்வி. விண்டோஸ் ஓடும்போதுதான் விண்டோஸின் பாஸ்வேர்டு வேலை செய்யும். பென்டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தைக் கிளப்பினாலோ, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலோ அதைக் கேட்க ஆள் இல்லை.

இதற்கு ஒரே மருந்து டிஸ்க்கையே மறையாக்கம் செய்வது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது. ப்ரோவில் பிட்லாக்கர், வன்பொருள் இடம் கொடுத்தால் ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு அமைத்த புது லேப்டாப்புகளில் பல நேரம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கே தெரியாமல். மீட்புச் சாவி 48 இலக்கம். மதர்போர்டு மாற்றினாலோ சில பயாஸ் மாற்றங்களுக்குப் பிறகோ அதைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், பிரிண்ட் எடுத்து பீரோ கவரில் சேருங்கள். சாவி இல்லையென்றால் எந்த மெக்கானிக்காலும் முடியாது. முடியும் என்று சொல்பவர் ஃபார்மட் செய்துதான் தருவார், டேட்டா போயிருக்கும்.

கவர்மெண்ட் லேப்டாப்புல விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டு வெச்சிருந்தேன். தம்பி பாஸ் லினக்ஸ்ல போய் என் போட்டோ எல்லாம் எடுத்துட்டான்!

மேலே சொன்ன பென்டிரைவ் கதையேதான், பென்டிரைவே தேவைப்படவில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸ் டிரைவைத் திறந்து படிக்கும். விண்டோஸில் வைத்த பூட்டு அதற்குத் தெரியாது. லினக்ஸிலும் தம்பிக்குத் தனி யூசர் போட்டு, அவனுக்கு சூடோ உரிமை (லினக்ஸின் அட்மின் உரிமை) தராமல் வைத்தால் சாதாரணமாக எடுப்பது நிற்கும். பென்டிரைவ் போடத் தெரிந்தவன் என்றால் மறையாக்கம்தான்.

ப்ரௌசிங் சென்டர் வெச்சிருக்கேன். வர்றவங்களுக்கு கெஸ்ட் யூசர் எங்கே?

பழைய விண்டோஸில் இருந்த கெஸ்ட் வசதியை விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளருக்கென்று ஒரு ஸ்டாண்டர்ட் யூசர் போட்டு, ப்ரௌசரை கெஸ்ட் விண்டோவில் திறந்து கொடுங்கள்; மூடினால் பாஸ்வேர்டும் ஹிஸ்டரியும் தங்காது. ஆளுக்கு ஒரு யூசர் என்ற விதிக்கு இங்கே மட்டும் விலக்கு.

அந்த விலக்கை ஈடுகட்டுவது காகிதம். 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி அடையாளச் சான்று பார்க்காமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது, பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். எந்த சீட், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். போலீஸ் வந்து கேட்டால் சிஸ்டம் பதிவு நேரத்தைச் சொல்லும், ஆளைப் பதிவேடுதான் சொல்லும்.

லினக்ஸ் சர்வர்ல ஒரு யூசரோட பாஸ்வேர்டை லாக் பண்ணேன், அப்படியும் எஸ்எஸ்எச்ல உள்ள வரான் சார். எப்படி?

பர்கூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் புராஜெக்ட் நேரத்தில் கேட்பது. எஸ்எஸ்எச் என்பது வேறொரு சிஸ்டத்திலிருந்து சர்வருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வழி. யூசர்மாட் கட்டளையில் பெரிய எழுத்து எல் போட்டால், பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைலில் அந்த ஆளின் மறையாக்கப்பட்ட பாஸ்வேர்டுக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி சேரும். பாஸ்வேர்டு பொருந்தாமல் போகும், அவ்வளவுதான். அவன் எஸ்எஸ்எச் சாவியோடு (பாஸ்வேர்டுக்குப் பதிலாக வைக்கும் ஃபைல்) வந்தால் பாஸ்வேர்டையே யாரும் கேட்பதில்லை.

கணக்கையே காலாவதி ஆக்க வேண்டும்: யூசர்மாட், எக்ஸ்பயர்டேட், 1. அந்த 1 என்பது 1970 ஜனவரி 2. அதன் பிறகு சாவி இருந்தாலும் விடாது. கட்டளை வாங்கும் ஷெல்லை நோலாகின் என்று மாற்றுவதும் உண்டு. கட்டளை அடிக்க விடாது, ஆனால் எஸ்எஸ்எச் வழியாக வேறு இணைப்புகளைக் கடத்தும் சுரங்கம் போடுவது அதனால் மட்டும் நிற்காது. உள்ளே இருப்பவன் விஷயத்தில் விண்டோஸ் கதையேதான். பி-கில் (pkill) கட்டளையில் சிறிய எழுத்து யு போட்டு அவன் பெயரைக் கொடுத்து வெளியே அனுப்ப வேண்டும்.

யார் யார் வரலாம் என்ற பட்டியலே வேண்டுமென்றால் எஸ்எஸ்எச்சின் அமைப்பு ஃபைலான எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கில் அலவ்யூசர்ஸ் வரி போதும். லினக்ஸின் நுழைவுச் சோதனைப் பகுதியான பாமில், நேரக் கட்டுப்பாட்டுக்கு பாம் டைம், இடக் கட்டுப்பாட்டுக்கு பாம் ஆக்சஸ். இந்த ஃபைல்களில் கை வைக்கும்போது ரூட்டாக (லினக்ஸின் அட்மின்) இன்னொரு டெர்மினலைத் திறந்தே வைத்திருங்கள். மாற்றியதை மூன்றாவது ஒன்றில் சோதித்துப் பார்த்த பிறகே மூடுங்கள்.

எல்லாம் சரிங்க. அட்மினே திருடினா?

அட்மினை அந்த சிஸ்டத்துக்குள்ளேயே தடுக்க முடியாது. எந்த ஃபோல்டரையும் திறப்பார், எந்த யூசரையும் போடுவார், பதிவேட்டையும் அழிப்பார். செக்யூரிட்டி பதிவேட்டை அழித்தால், அழித்தவர் பெயரோடு 1102 என்ற ஒரு வரி புதிதாக விழும். அதுவும் அவர் பெயர் தனி யூசராக இருந்தால்தான் உதவும்.

அதனால் அட்மின் கவர் ஓனர் வீட்டில் இருக்கட்டும், கணக்கு எழுதுபவர் ஸ்டாண்டர்டில் இருக்கட்டும். வாரா வாரம் பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் ஓனர் வீட்டுக்கே போகட்டும், சிஸ்டத்தில் மாட்டியபடி இருக்க வேண்டாம். கம்பெனியாகப் பதிந்திருந்தால், கணக்கு சாஃப்ட்வேரில் திருத்தங்களின் தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனிநபர் கடைகளுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் அந்த வசதியுள்ள டேலி பதிப்பு வைத்திருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். எந்த வவுச்சரை எந்த டேலி யூசர் எப்போது திருத்தினார் என்று தனியாகக் காட்டும்.